மூடாத டிஸ்க்

ஆனந்தகுமார் கடையில் இருந்த மூன்று டிவிடி பிளேயர்களும் ஒரே பாட்டைப் பாடின. தட்டு உள்ளே போகும், கொஞ்ச நேரம் கிர்ரென்று சுற்றும், பிறகு நீலத் திரையில் ‘நோ டிஸ்க்’ என்று வந்து நிற்கும். மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் டிவி, ரேடியோ, மிக்ஸி என்று எது செத்தாலும் பிழைக்க வைக்கிற மனிதர் அவர். அவரே உதட்டைப் பிதுக்கினால் ஹம்சினி வேறு எங்கே போவாள்?

டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“இன்னா மேடம், ரைட் பண்ணிட்டு க்ளோஸ் பண்ணாம உட்டுட்டீங்க. டிஸ்க்கு தொறந்தே கீது. இன்னும் எவ்ளோ வேணா ஏத்தலாம். கம்ப்யூட்டர்ல தெரியும், பிளேயரு எடுக்கவே எடுக்காது.”

“எங்காத்துல தினமும் ஓடறதே.”

“வேற டிஸ்க்க எத்துக்கினு வந்திருப்பீங்க.”

“இது ஒண்ணுதான் இருக்கு.”

“அப்போ சான்ஸே இல்ல மேடம். குடுங்க, நானே க்ளோஸ் பண்ணித் தரேன். ஒரு தபா மூடிட்டா எந்த பிளேயரும் எடுக்கும். ஆனா அதுக்கு மேல ஒண்ணும் சேக்க முடியாது.”

அவர் கை நீட்டியபோது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த டிஸ்க்குக்கு ஏதாவது ஆனால் இன்றைக்கு அம்மா பட்டினி. கீறல் விழுந்தால் மாற்றுக்கு ஆகுமே என்று ஒரு பிரதி எடுக்கத்தான் வந்தாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு விடிகாலை, காஞ்சிபுரத்தில் கல்யாணம் என்று கிளம்பிய அப்பா ராமானுஜம், பாதி வழியில் மழையில் நெடுஞ்சாலை விபத்தில் முடிந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா ஜலஜா சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தாள். கெஞ்சியாயிற்று, கோபித்தாயிற்று. மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஹம்சினிக்கு, அன்று விடிகாலை புதுப் போனில் விளையாட்டாக எடுத்த படம் ஞாபகம் வந்தது. காபி ஆறிவிட்டது என்று அப்பா அம்மாவைச் சீண்டுவது, வேஷ்டி மடிப்பைச் சரி செய்வது, எல்லாம் இருந்தது. போனின் சின்னத் திரையில் அம்மாவுக்குக் கண் தெரியாது. பழைய டிவியும் அதன் கீழே இருந்த பிளேயரும்தான் அம்மாவுக்குப் பழக்கம். ஆகவே படத்தை டிஸ்க்கில் எழுதினாள்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் வெட்டினாள். அப்பா கையில் பையோடு வாசற்படியைத் தாண்டுகிற இடம். போனவர் போவதையே விளக்கு வைக்கிற நேரத்தில் தினமும் ஓட்டிக் காட்டுவார்களா யாராவது? அது ஆகாது. அதனால் அப்பா படிக்கு இந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதோடு படம் முடிந்துவிடும். போனிலும் லேப்டாப்பிலும் இருந்ததைப் பார்க்கத் தாங்காமல் அன்றே அழித்துவிட்டாள்.

முதல் நாளே அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு ஒரு கிண்ணம். ஹம்சினி ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அப்பாவின் குரல் கேட்டதும் அவள் சமையலறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

அவள் வீடு திரும்பும்போது ஐப்பசித் தூறல் பிடித்துவிட்டது. மாடிப்படியெல்லாம் ஈர வாசனை. அம்மா நீலச் சுங்குடிப் புடவையில், டிவிக்கு எதிரே நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

“எங்கேடி போனே? அவர் காத்துண்டிருப்பார்.”

ஹம்சினி சாத்தமுது சாதத்தைப் பிசைந்து, ஸ்பூனைப் போட்டுக் கிண்ணத்தை அம்மா கையில் கொடுத்தாள். டிஸ்க்கைத் தட்டில் வைத்தாள். ‘நோ டிஸ்க்’ என்று வந்தால் அம்மாவுக்கு என்ன சமாதானம் சொல்வது என்ற கவலை ஒரு பக்கம். எந்தப் பிளேயரும் எடுக்காதது இங்கே மட்டும் ஓடக் கூடாதே என்கிற வேண்டுதல் இன்னொரு பக்கம். தட்டு உள்ளே போனது. சுற்றும் சத்தமே கேட்கவில்லை. படம் வந்தது.

அவள் அன்று சமையலறைக்குப் போகவில்லை. அம்மாவின் பின்னால் நின்றாள். அப்பா சிரித்தார், காபியைக் குறை சொன்னார், பையை எடுத்தார், படிக்கு இந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார். இத்தோடு முடிந்தது என்று அவள் மூச்சை விட்டாள்.

முடியவில்லை.

அப்பா அங்கேயே நின்றார். வெளியே மழைச் சத்தம் கேட்டது. அது டிவியிலிருந்து வருகிறதா ஜன்னலிலிருந்து வருகிறதா என்று அவளுக்குப் புரியவில்லை. அன்று விடிகாலை இங்கே மழையே இல்லை. அப்புறம் அப்பா முகத்தைத் திருப்பாமல், முதுகு முன்னால் வர, ஓர் அடி பின்னுக்கு வைத்தார். இன்னோர் அடி. அப்படியே பின்பக்கமாக நடந்து கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தார். வேஷ்டியின் ஓரத்திலிருந்து தரையில் நீர் சொட்டியது.

“அம்மா, இது என்னது?”

“தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வந்துண்டிருக்கார்” என்றாள் அம்மா, சாதத்தை மென்றுகொண்டே. “நேத்திக்கு அந்தத் தூண் வரைக்கும் வந்தார்.”

கூடத்தில் நனைந்த மண்ணும் பெட்ரோலும் கலந்த வாசனை பரவியது. படத்தில் சுவரில் தொங்கிய காலண்டரை ஹம்சினி பார்த்தாள். அதில் ஐப்பசி மாதம். படம் இப்போது டிவி இருக்கிற இடத்திலிருந்தே எடுத்தது போலிருந்தது. நடுவில் நாற்காலி. அதில் நீலச் சுங்குடிப் புடவையில் அம்மா, கையில் அதே கிண்ணத்தோடு. அம்மாவுக்குப் பின்னால் ஹம்சினி நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை.

படத்திலிருந்த அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகம் இன்னும் அந்தப் பக்கமாகவே இருந்தது. கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

கூடத்தில், யாரும் இல்லாத காற்றில், அம்மாவின் இடது கை மெல்ல எழுந்தது.

“இதோ வந்துட்டேன்” என்றாள் அம்மா, வெட்கப்படுகிற குரலில்.

ஹம்சினி பாய்ந்து பட்டனை அழுத்தி டிஸ்க்கைப் பிடுங்கினாள். அது சில்லென்று ஈரமாக இருந்தது.

“அடியே, குடுடி! அவர் பாதியில நிக்கறார்!”

அம்மாவை அவள் விட மாட்டாள். அப்பாவைக் கொடுத்தது போதும். திறந்திருப்பதால்தானே ஏறிக்கொண்டே போகிறது? மூடிவிட்டால்? ஆனந்தகுமார் சொன்னாரே, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க முடியாதென்று. தன் அறைக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்து டிஸ்க்கைப் போட்டாள். அவசரத்தில் இரண்டு முறை தவறாகத் தட்டினாள். ‘டிஸ்க்கை மூடு’ என்பதை அழுத்தினாள். இனி எதையும் சேர்க்க இயலாது, தொடரலாமா என்று கேட்டது. தொடரலாம்.

எழுத ஆரம்பித்தது. பச்சைக் கோடு நகர்ந்தது. எறும்பு மாதிரி.

கூடத்தில் ஸ்பூன் விழும் சத்தம்.

“அம்மா?”

ஈரக் கால்கள் தரையில் படும் சத்தம். சப். சப். அப்புறம் வளையல் ஓசை. எழுந்து போக வேண்டும். கோடு இன்னும் கொஞ்சம்தான். எழுந்து போக வேண்டும். முடியட்டும். பெருமாளே, சீக்கிரம் முடியட்டும்.

முடிந்தது. தட்டு வெளியே வந்தது.

கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. கிண்ணத்தில் சாதம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வாசற்கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. குளியலறை, பெருமாள் அலமாரி இருக்கும் அறை, பால்கனி என்று எல்லா இடத்தையும் பார்த்தாள். அம்மா எங்கும் இல்லை. பார்க்காத இடம் ஒன்றுதான் பாக்கி. அழுதுகொண்டே டிஸ்க்கைப் பிளேயரில் போட்டாள்.

பளிச்சென்று ஓடியது. ஒரு தடங்கலும் இல்லை.

அதே கூடம். நாற்காலியிலிருந்து எழுந்து நின்ற அம்மா, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடி அவர் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

அம்மா கையை உதறினாள். வாசற்கதவுக்கு ஓடித் தாழ்ப்பாளை இழுத்தாள். அது அசையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராகத் திரையை நோக்கி ஓடி வந்தாள். “ஹம்சு, தெறடி! இது அவர் இல்லைடி!”

ஹம்சினி பிளேயரைக் குத்தினாள். தட்டு வெளியே வந்தது. படம் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள். நிற்கவில்லை.

அம்மாவின் இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுந்தி வெளுத்தன. அவளுக்குப் பின்னால் அது நிதானமாக இந்தப் பக்கம் திரும்பியது. அந்த முகத்தில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் சரியாக இருந்தது.