கண்மாய்க்கரையில் மூன்று பெயர்

மழையைப் பார்த்துப் பத்து மாதமாகிவிட்ட கண்மாயின் கரையில், நட்டு நாற்பது நாள்கூட ஆகாத அந்தக் கல் மட்டும் நனைந்திருந்தது.

யாரோ குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பதாகத்தான் தவசி முதலில் நினைத்தான். உச்சி வெயில். கண்மாய்க்குள் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தோள் துண்டை எடுத்துக் கல்லைத் துடைத்தான். சங்கிலி, சோணைமுத்து, மொக்கையன் என்று வெட்டியிருந்த எழுத்துகளின் பள்ளத்திலிருந்து மறுபடியும் நீர் கசிந்து வழிந்தது. துண்டை முகர்ந்து பார்த்தான். உப்பும் எண்ணெயும் கலந்த நாற்றம். உசிலம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அந்த நாற்றத்தை அறிந்தவன் அவன் ஒருவன்தான்.

சண்டைக்கு ஆள் எடுத்தபோது நால்வரும் ஒன்றாகத்தான் கப்பல் படைக்குப் போனார்கள். திரும்பியவன் தவசி மட்டும். மற்றவர்களின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. தண்ணீரில் போனவர்களுக்குத் தண்ணீர் பக்கத்தில்தான் கல் நட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. குண்டு பட்டதும் கப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டது, ஒருவரும் நோவு அறியவில்லை என்று மூன்று வீட்டிலும் தவசி சொல்லியிருந்தான்.

அது பொய். கப்பல் முழுக அரை மணி நேரம் ஆயிற்று. அந்த மூவரும் இருந்த கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியபோது, அதிகாரி போட்ட அதட்டலில் இரும்பு மூடியை இழுத்துச் சாத்தி, திருகி இறுக்கியவன் தவசி. கீழேயிருந்து தட்டினார்கள். முதலில் பல கைகள். பிறகு ஒரு கை.

இப்போது கல்லுக்குள் யாரோ தட்டினார்கள்.

மரங்கொத்தியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தான். பொசுக்க வேண்டிய புழுதி வெறுங்காலில் சில்லென்றிருந்தது, காலெடுத்த தடத்திலெல்லாம் நீர் ஊறி மினுங்கியது, தட்டும் ஓசையோ பின்னால் தேயாமல் முன்னால், ஊருக்குள்ளிருந்து, சங்கிலியின் வீட்டுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

சங்கிலியின் பெண்டாட்டி அன்னக்கொடி வாசல் நிழலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் தவசிக்கு அத்தனை நாள் நெஞ்சில் அடைத்திருந்தது உடைந்தது. அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கொட்டினான்.

“நாந்தான் மூடுனேன் தங்கச்சி. மாப்ள எம்பேரச் சொல்லிக் கூப்புட்டான். கேட்டுச்சு.”

அவள் அழவில்லை. சுளகைக் கீழே வைத்தாள்.

“தெரியும்ணே. அவரு சொல்லிட்டாரு.”

கல் நட்ட அன்றிலிருந்து உள்ளறைக் கதவு திறக்கவில்லை என்றாள். ஆசாரி வந்து நெம்பியும் அசையவில்லையாம். வெளிப்பக்கத் தாழ்ப்பாள்தான், ஆனால் யார் இழுத்தும் வரவில்லையாம்.

“மூடுன கைதான் தொறக்கணுமாம். வாங்கண்ணே.”

ஓடிவிட நினைத்தான். கால் ஓடவில்லை. அவள் பின்னால் உள்ளே போயிற்று.

இருட்டு. உப்பு நாற்றம். கதவின் அடியில் ஈரக்கோடு. தட்டு. தட்டு. பிறகு அதுவும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

தாழ்ப்பாளைத் தொட்டான். அவன் கைக்கு அது எளிதாக வந்தது.

உள்ளே அறை இல்லை. கருநீர். ஒரு சொட்டும் வெளியே சரியாமல், நிலைப்படியில் சுவராக நின்றது. அதற்குள் சங்கிலி. அவன் தோளுக்குப் பின்னால் சோணைமுத்து, மொக்கையன். இன்னும் பின்னால் பெயர் தெரியாத முகங்கள். மூடாத கண்கள். மெல்ல அலையும் தலைமுடி. யார் முகத்திலும் கோபமில்லை.

தவசியைக் கண்டதும் அவர்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். நடுவில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்கள்.