நாலாம் அறை மணி

பழைய கம்ப்யூட்டரின் எண்டர் கீ அமுங்கிக் கிடந்தது. அதன் மேல் விரல் இல்லை, பொருள் இல்லை, தூசிகூட இல்லை. மச்சினன் வருவதற்கு முன் மேலாளரே கீபோர்டைத் துணி போட்டுத் துடைத்து வைத்திருந்தார். பக்கத்துக் கீகளெல்லாம் வரிசை கலையாமல் நிற்க, அது மட்டும் யாரோ தலையில் கை வைத்து உட்கார வைத்ததுபோல உள்ளே போயிருந்தது.

"இது மேல என்னத்தைத் தூக்கி வச்சீங்க மாமா? இப்படிக் குழி விழுந்து கிடக்கு?" என்றான் மச்சினன், திருப்புளியைப் பல்லில் கடித்தபடி.

மேலாளர் சிரிக்கப் பார்த்தார். "வயசான மிஷின் மாப்ளே. அதுக்கும் மூட்டு வலி இருக்கும்ல."

விடுமுறை நாள். வெளியே மதியத்திலிருந்து மழை. குளிர்கிடங்கின் நான்கு அறைகளில் மூன்று மட்டும் சுவருக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தன. நாலாவதைப் போன மாதமே அணைத்து, சரக்கை எடுத்து, கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளாதபடி செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கிடங்கில் மேலாளருக்கு 'அடுத்த வருஷம்' என்று பெயர். நேரில் சார், முதுகைக் காட்டினால் அடுத்த வருஷம். கம்ப்யூட்டரை மாற்றலாமா என்று யார் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் பதில் அது. கணக்கு பார்க்கும் அம்மாள் கேட்டு ஓய்ந்தாள். குளிர்சாதன மெக்கானிக் கேட்டு ஓய்ந்தான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சொந்த மச்சினன், அக்கா வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டு, அக்காவிடம் முறைப்பும் வாங்கிக்கொண்டான். மிஷின் நல்லாத்தானே இருக்கு என்பார் மேலாளர். அது இருந்த அழகு எல்லோருக்கும் தெரியும். திரைக்கு மஞ்சள் காமாலை. காலையில் உயிர் வருவதற்குள் ஆற அமர டீ குடித்துவிட்டு வரலாம். உதிரிப் பாகம் கேட்டால் கடைக்காரர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

உள்ளே இருந்த காரணம் வேறு. சொல்லக் கூசும் காரணம். வாலிபத்தில் அந்த மிஷினை அங்கே கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். முதலாளி அவர் தோளில் கை போட்டு நிற்கும் போட்டோ இன்னும் சுவரில் தொங்குகிறது. அதற்கப்புறம் அவர் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. புதுசு வந்தால், மீசை சரியாக முளைக்காத பயல்களிடம் 'இதுல எங்கப்பா அமுக்கணும்' என்று கேட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார வேண்டும். அந்த அவமானத்துக்கு அடுத்த வருஷமே தேவலை.

அப்படிப்பட்டவர் தானாக முன்வந்து புதுசு வாங்கலாம் என்றதும் ஊரே மூக்கில் விரல் வைத்தது. சுமைக்காரன் ஏணி செத்தது அவர் மனசை ஆட்டிவிட்டது, பாவம், இளகின மனுஷன் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் முகத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஏணி, கிடங்கில் சுமை ஏற்றி இறக்கியவன். உயரத்தட்டுக்கு ஏணி கேட்காதவன் என்பதால் அந்தப் பெயர். அலுவலக வாசலில் நுழையும்போதெல்லாம் நிலையின் மேல்கட்டையை விரல்களால் பிடித்து, அதில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அப்புறம்தான் தலையைக் குனிவான். "யாரு சார் இதைக் குள்ளனுக்கு அளவெடுத்துக் கட்டினது?" தினமும் அதே ஜோக். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலாம் அறைக்குள் போனவன் திங்கட்கிழமை காலையில்தான் கிடைத்தான். குடித்துவிட்டு உள்ளேயே படுத்துவிட்டானாம். ஊர் அப்படித்தான் சொன்னது.

மச்சினன் புது மிஷினை உயிர்ப்பித்திருந்தான். பளிச்சென்ற திரையில் நான்கு கட்டங்கள், நான்கும் பச்சை.

"இங்க பாருங்க மாமா. உள்ளே மாட்டிக்கிட்டவன் சிவப்புப் பொத்தானை அமுக்கினா, இங்க மணி அடிக்கும். அவன் மூச்சு விட்டாக்கூட இந்த ஸ்பீக்கர்ல கேட்கும். நீங்க எந்தக் கீயை அமுக்கினாலும் மணி நிக்காது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாத்தான் நிக்கும். பழசு மாதிரி ஏமாத்த முடியாது."

"ஏமாத்தறதா? யாரு?"

"சும்மா சொன்னேன். ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

பழையதிலிருந்து சரக்கு விவரங்களைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அமுங்கிய கீ விடவில்லை. மச்சினன் அந்தக் கீபோர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பையிலிருந்து புதிதாக ஒன்றை உறை பிரித்து மாட்டினான். மாட்டிய கையோடு இருவரும் பார்த்தார்கள். புதுக் கீபோர்டின் எண்டர் கீ நிதானமாக, சத்தமில்லாமல், கனமான எதையோ ஏற்றுக்கொள்வதுபோல் உள்ளே இறங்கியது.

"மட்டமான சரக்கு," என்றான் மச்சினன். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "சரி விடுங்க. விவரத்தையெல்லாம் கடையில வச்சு எடுத்துக்கறேன். இதை வண்டியில கொண்டுபோய் இறக்கிட்டு வந்துடறேன், இருங்க."

பழைய மிஷினை அணைத்து, வயர்களைப் பிடுங்கி, கோணியால் போர்த்தி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினான். புதுக் கீபோர்டு மட்டும் மேஜையில் கிடந்தது, எதோடும் சேராமல். எண்டர் கீ அமுங்கித்தான் இருந்தது. மேலாளர் நகத்தைக் கொடுத்து நெம்பினார். ஐஸ் கட்டியைத் தொட்டதுபோல் சுரீரென்றது. கீயின் மேலும் அதைச் சுற்றியும் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. வட்டமாக. உள்ளங்கையில் அடங்குகிற வட்டம்.

அந்த வட்டம் அவருக்குத் தெரியும்.

மேஜையின் கீழ் இழுப்பறையில் அது இருந்தது. கண்ணாடிக் குண்டு, உள்ளே நீலப் பூ, காகிதம் பறக்காமல் வைக்கிற பேப்பர் வெயிட். பழைய மிஷின் ஈரம் பட்டால் பொய் மணி அடிக்கும். 'நாலாம் அறை, உள்ளே ஆள்' என்று திரை துடிக்கும்; போய்ப் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. எண்டரை அமுக்கினால் அடங்கும், விட்டால் மறுபடி அலறும். அதனால் அவர் கண்டுபிடித்த வைத்தியம், எண்டரின் மேல் அந்தக் குண்டைத் தூக்கி வைப்பது. எவ்வளவு அடித்தாலும் சத்தம் வராது. முதலாளியே பார்த்துவிட்டு, மூளைக்காரனய்யா நீ என்றார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டதுண்டு.

அந்தச் சனிக்கிழமையும் குண்டு அதன் இடத்தில் இருந்தது. விளக்கை அணைக்கும்போது திரை துடித்ததை அவர் பார்த்தார். விட்டு விட்டுத் துடிக்கவில்லை, விடாமல் துடித்தது. 'பொய் சொல்லாதே' என்று திரையின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை முதலில் வந்தவரும் அவர்தான். நாலாம் அறையைத் திறந்தார். பார்த்தார். கத்தவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, குண்டை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினார். அதற்குப் பிறகுதான் கத்தினார். சாயங்காலம் டீக்கடையில், யாரும் கேட்காமலே, "அன்னைக்கு அவன் நடையே சரியில்லை" என்று ஒரு வார்த்தையைப் போட்டார். ஒரு வார்த்தைதான். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.

"அண்ணே."

மேலாளர் துள்ளி எழுந்தார். வாசலில் ஏணியின் மனைவி, மடக்கிய குடையிலிருந்து நீர் சொட்ட நின்றாள்.

"அவரு கோட்டு இங்க இருக்குன்னு கணக்கு அம்மா சொன்னாங்க. எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"வாம்மா. உட்காரு." ஆணியில் தொங்கிய நீளமான குளிர்க்கோட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, காலரை நீவியபடி உட்கார்ந்தாள். போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும்ணே. நீங்க சொன்னா நம்புவேன்."

"கேளும்மா."

"அவரு கல்யாணத்துக்கு முன்னாடியே குடியை விட்டவரு. இப்பப் பள்ளிக்கூடத்துல என் பொண்ணைக் குடிகாரன் மகள்னு கூப்பிடறாங்க. அது சாப்பிட மாட்டேங்குது. உள்ளே பொத்தான் இருக்காமே. சுயநினைவு இருந்திருந்தா அமுக்கியிருப்பாருல்ல? அன்னைக்கு மணி அடிச்சுதாண்ணே?"

அண்ணே என்கிறாள். மேலாளர் அவள் கையைப் பார்த்தார். காலரைப் பார்த்தார். சுவரில் முதலாளியின் கை தன் தோளில் இருப்பதைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல். அது போதும், அந்தப் பெண் பிள்ளை சாப்பிடும். அப்புறம் இந்த ஊரில் தன் பிள்ளைகள் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கும்?

"இல்லைம்மா," என்றார். "அடிக்கவே இல்லை."

புதுத் திரையில் நாலாவது கட்டம் சிவந்தது.

மணி அடித்தது. அணைத்துப் போட்ட அறை. செங்கல் முட்டுக்கொடுத்த கதவு. திரை அதைச் சாத்தியிருப்பதாகக் காட்டியது. அதில் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போனது. மேலாளர் பாய்ந்து புது மிஷினின் எண்டரை அமுக்கினார். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினார். மணிக்கு அடியில், ஸ்பீக்கரில், இரும்பில் கை தட்டும் சத்தம். அவசரமில்லாத தட்டு. ரொம்ப நேரமாகத் தட்டிச் சலித்தவனின் தட்டு.

"யாருண்ணே அது?"

விரலை எடுக்கப் போனார். முடியவில்லை. புறங்கையின் மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. வட்டமாக. கனமாக. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தோலில் வெள்ளை மட்டும் வட்டமாகப் பூத்து, மணிக்கட்டுக்கு ஏறியது.

"உள்ளே யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்கண்ணே. போய்த் திறங்க."

வாய் திறந்தது. புகையாக மூச்சு மட்டும் வந்தது.

அவள் அவர் கையைப் பார்த்தாள். அந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தை. கோட்டை எடுத்துக்கொண்டு, நாலாம் அறைக்குப் போகும் நடையில் இறங்கி நடந்தாள்.

அவள் காலடி வாசல் வழியாகத் தேய்ந்தது. ஸ்பீக்கர் வழியாக நெருங்கியது. தட்டு நின்றது. உள்ளே இருப்பது காத்திருந்தது.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

மணி நின்றது.

மழைகூட இல்லை. மூன்று அறைகளின் உறுமலும் இல்லை. கை முழங்கை வரை வெளுத்திருந்தது. வலிக்கவில்லை.

நடையில் காலடி திரும்பி வந்தது. அவளுடைய காலடி. அதன் பக்கத்தில் இன்னொன்று. நீள எட்டு. ஈரம்.

வாசலுக்கு வெளியே இரண்டும் நின்றன.

நிலையின் மேல்கட்டையை வெள்ளை விரல்கள் பிடித்தன. ஒரு தட்டு தட்டின. பிறகு, மெதுவாக, ஒரு தலை குனியத் தொடங்கியது.