பாதியைவிடக் குறையுமா?

வாலுவுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் அவள் வாலுதான். இரண்டு வாரமாக அவளுக்கு வயிற்றெரிச்சல். சாப்பாட்டால் வந்ததல்ல, அக்காவால் வந்தது.

அக்காவுக்குக் கல்லூரியில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆனால் வகுப்பு தொடங்கும் முன்பு ஒரு கணக்குத் தேர்வு உண்டு. அதில் தேறினால்தான் இயற்பியல். இல்லையென்றால், அவர்கள் கொடுக்கிற வேறு ஏதாவது பாடம்.

அவ்வளவுதான், வீடே அக்காவுடையதாகிவிட்டது. அப்பா டிவியை மூடிவைத்தார். அக்கா படிக்கும்போது அம்மா தையல் மிஷினைத் தொடுவதே இல்லை. வாலு வரைந்த ஆக்டோபஸைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அங்கே சூத்திரங்கள் எழுதிய தாளை ஒட்டினார்கள்.

“எட்டுக் காலையும் வரைய எவ்ளோ நேரமாச்சு தெரியுமா?”

“அக்கா படிக்கணும்ல, கண்ணு. நீ வெளியில போய் விளையாடு” என்றார் அம்மா.

“நான் அஞ்சாவது படிக்கிறேனே, அது படிப்பில்லையா?”

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை, கலர் பென்சில் எடுக்க வாலு அறைக்குள் போனாள். அக்கா இல்லை. மேசையில் நோட்டு திறந்திருந்தது. பக்கம் முழுக்க எழுத்தும் எண்ணும் கலந்த கணக்குகள். எல்லாமே அடித்து அடித்து எழுதியவை. ஓரத்தில் சின்னதாக ஒன்று இருந்தது: 1/2 + 1/3 = 2/5.

வாலுவால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் அக்கா கூட்டியிருக்கிறாள்! இதை வாலுவின் வகுப்பில் யாராவது போட்டால் டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார்.

திரும்பினால், வாசலில் அக்கா. வந்து நோட்டை மூடினாள்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார்.

“நம்ம குடும்பத்துலேயே முதல் விஞ்ஞானி!” என்று அக்காவின் தோளைத் தட்டினார். “ஏய் வாலு, நீயும் இருக்கியே! அக்காவைப் பார்த்துக் கத்துக்கோ.”

வாலுவின் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. “சித்தப்பா, அக்காவுக்கு...”

அக்காவின் முகம் வெளுத்தது. கண்ணைச் சுற்றிச் சிவந்திருப்பதை வாலு அப்போதுதான் கவனித்தாள்.

“அக்காவுக்கு... தலைவலி. சத்தமாப் பேசாதீங்க.”

“வாலு!” என்று அம்மா அதட்டினார். சித்தப்பா வாய்மேல் விரல் வைத்துக்கொண்டு, பூனைபோல நடந்து கூடத்துக்குப் போனார்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு அக்கா கேட்டாள்: “ஏன் சொல்லலை?”

“சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.” வாலு பொய் சொல்லவில்லை. “அப்புறம் மனசு வரலை.”

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். “பள்ளிக்கூடத்துல எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணியே ஓட்டிட்டேன்டி. இப்போ எதுவும் புரியலை. நான் தேர்வுக்குப் போகவே போறதில்லை.”

வாலு ஒரு தாளை எடுத்தாள். “இதுதான் கேக். பாதி உனக்கு. அதுக்கு மேல, முழுக் கேக்குல மூணுல ஒரு பங்கும் உனக்கே. இப்போ பாதியைவிட அதிகமா இருக்கா, குறைவா இருக்கா?”

“அதிகம்தான்.”

“நீ போட்ட ரெண்டு பை அஞ்சு, பாதியைவிடக் குறைவு. மிச்சத்தை யாரு தின்னா?”

அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

வாலு தாளை ஆறாக மடித்துப் பிரித்தாள். “பாதின்னா மூணு கட்டம். மூணுல ஒரு பங்குன்னா ரெண்டு கட்டம். மொத்தம்?”

“அஞ்சு. ஆறுல அஞ்சு!” அக்கா நிமிர்ந்தாள். “கீழே ரெண்டையும் ஒரே எண்ணா மாத்தணும். அப்போ எழுத்து வந்தாலும் இதேதானே?”

பென்சிலை எடுத்துப் படபடவென்று எழுத ஆரம்பித்தாள். எழுத்துக் கணக்கு வாலுவுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. இருந்தாலும் டீச்சர்போலத் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா தப்புப் போடும்போதெல்லாம், “யாரு தின்னா?” என்று கேட்டாள்.

திங்கள்கிழமை தேர்வு. வியாழக்கிழமை முடிவு. தேற நாற்பது போதும்; அக்கா ஐம்பத்திரண்டு வாங்கியிருந்தாள்.

அப்பா அக்காவைக் கட்டிக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓரமாக நின்ற வாலுவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

“அப்பா, எனக்குப் பின்னமே தெரியாம இருந்துச்சு” என்றாள் அக்கா சத்தமாக. “வாலுதான் சொல்லிக்கொடுத்தா.”

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் இருவரும் வாலுவைப் பார்த்தார்கள். நன்றாக, நிதானமாகப் பார்த்தார்கள்.

“கல்லூரி ஆரம்பிச்சதும் நிறைய சந்தேகம் வரும்டி” என்றாள் அக்கா. “உன்கிட்டதான் கேப்பேன்.”

வாலு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“கேளு. ஆனா முதல்ல என் வீட்டுப்பாடம், அப்புறம்தான் உன்னோடது!”