குளத்துக்கு வந்த மங்கோலியா வாத்து

சிம்பாங் அம்பாட்டில் சாந்தினியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. அங்கே சின்ன நீர்ப்பறவைகளான காட்டுத் தாராக்கள் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு நாள் அந்தக் கூட்டத்தின் நடுவே பெரிய வாத்து ஒன்று நீந்துவதைச் சாந்தினி பார்த்தாள். அதன் கழுத்தின் பின்னால் நீளமாக ஒரு பழுப்புக் கோடு.

அக்கரையிலிருந்தே அம்மாவின் கைப்பேசியில் படம் பிடித்தாள். இணையத்தில் தேடினாள். மங்கோலியாவில் வாழும் காட்டு வாத்தாம்! படத்தைப் பள்ளியில் எல்லாருக்கும் காட்டினாள்.

பள்ளிச் சபைகூடலில் தலைமையாசிரியர் அவளை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். சாந்தினிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. குளக்கரைக்குப் போனவளை நோக்கி அந்த வாத்து, "புஸ்ஸ்ஸ்!" என்று சீறிக்கொண்டு ஓடி வந்தது. அலகுக்கு மேலே பெரிய குமிழ். காட்டு வாத்துக்குக் குமிழ் இருக்காது, வீட்டு வாத்துக்குத்தான் இருக்கும். இணையத்திலேயே அப்படிப் போட்டிருந்தது. இவள்தான் அவசரத்தில் பாதியோடு மூடிவிட்டாள்.

அந்தச் சீறல் வேறு அவளுக்கு நன்றாகத் தெரிந்த சீறல். தெருவில் போகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் விரட்டும் சார்ஜன்! பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண் ஸஹ்ரா வளர்க்கும் வாத்து. மழையில் வேலி சாய்ந்த அன்று காணாமல் போனது.

சாந்தினி திரும்பி வந்தபோது அவள் வீட்டு வாசலில் ஸஹ்ரா நின்றிருந்தாள்.

"அக்கா, சார்ஜன எங்கயாச்சும் பாத்தீங்களா?"

"இல்ல லா," என்றாள் சாந்தினி.

சொன்ன மறுநொடியே வெட்கமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பள்ளியே சிரிக்குமே!

செய்தி பரவி, சனிக்கிழமை காலை ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் பாலம் தாண்டிப் பறவை ஆர்வலர்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பெரிய கேமரா.

"நீதான் கண்டுபிடிச்சியாம்மா? கெட்டிக்காரி லா!" என்றார் குழுத் தலைவர் சந்திரசேகரன். சாந்தினி குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று தாராக்கள் எல்லாம் சிறகடித்துப் பறந்தன. புதருக்குள்ளிருந்து ஓர் உடும்பு வெளியே வந்தது. பெரிய வாத்து மட்டும் நெடும்புல்லுக்குள் தலை மறைய மேய்ந்தபடி கரையிலேயே நின்றது.

"அங்கிள், உடும்ப விரட்டுங்க!" என்றாள் சாந்தினி.

"கூடாதும்மா. காட்டுப் பறவைங்க விஷயத்துல நாம தலையிடக் கூடாது. அதுவே பறந்துடும்."

"அது பறக்காது அங்கிள்! அது காட்டு வாத்தே இல்ல. ஸஹ்ராவோட சார்ஜன். எனக்கு முந்தாநேத்தே தெரியும்!"

கேமராக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. "வீட்டு வாத்தப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சாந்தினிக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவள் உடும்பை நோக்கிக் கைகளை ஆட்டிக் கத்தினாள். சந்திரசேகரனும் சேர்ந்து கத்தினார். உடும்பு மெல்லப் புதருக்குள் நழுவியது.

சாந்தினி ஓடிப்போய் ஸஹ்ராவை அழைத்து வந்தாள். ஸஹ்ராவைக் கண்டதும் சார்ஜன் "குவாங்க்! குவாங்க்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தது. போகிற போக்கில் சந்திரசேகரனின் காற்சட்டையை ஒரு இழு இழுத்தது.

"ஐயோ! மங்கோலியா வாத்து இப்படியா மரியாதை கொடுக்கும்?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

ஸஹ்ரா சார்ஜனைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்டுபிடிச்சேன். ஆனா ஒங்கிட்ட பாக்கலன்னு பொய் சொல்லிட்டேன். எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்களா... அதான் சொல்லல. மன்னிச்சுக்கோ."

ஸஹ்ராவின் உதடு பிதுங்கியது.

"சரி. ஆனா நீங்கதான் சார்ஜன வீடு வரைக்கும் தூக்கிட்டு வரணும்."

வழியெல்லாம் சார்ஜன் சாந்தினியின் காதைக் கொத்திக்கொண்டே வந்தது. அவள் ஒரு தடவைகூட "ஆ" என்று சொல்லவில்லை.