பச்சை விளக்கு வீடு

ஓரகத்தி பூவிழியின் வாசலில் வளிமானி சிவப்பாக எரிந்த நாளிலிருந்து மகிழினிக்குச் சோறு இறங்கவில்லை.

கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில் அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். மாநிலத்தில் வளிமானி இல்லாத வாசலே அப்போது கிடையாது. பாறைக்குள்ளிருந்து தரை வழியே கசிந்து, நிறமும் மணமும் இல்லாமல் நுரையீரலை அரிக்கும் ரேடான் வாயுவை அது அளக்கும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் அரசு ஓசூரில் அடுக்குமாடி வீடு கொடுத்துக் குடியேற்றும். ஓரகத்தி பக்கம் தரைக்கடியில் பாறை விரிசல் விட்டிருந்தது; இவள் பக்கம் விடவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் பச்சை?" என்று கணவன் மாறனிடம் பொருமினாள்.

"பச்சைன்னா சந்தோஷப்படுடி."

"உங்க அண்ணி மாடியில நின்னு காத்து வாங்குவா. நான் இங்கயே கிடக்கணுமா?"

பூவிழி சாமான் ஏற்றிப் போன கையோடு மகிழினி ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினாள். மாறன் கேட்டதற்குக் கொசு என்றாள். அவன் வேலைக்குப் போனதும் நடுச்சுவரை ஒட்டிய கட்டிலுக்கடியில் தரை ஓடுகளை மண் தெரியப் பெயர்த்தாள். வெளியே நல்ல மழை. மகள் நறுமுகை பள்ளிவிட்டு வந்தால் வீட்டுக்குள்ளேயே விளையாடினாள். விளக்கு மஞ்சளானது. மழைக்காலம் முடிவதற்குள் சிவந்தது. அன்று மகிழினி கேசரி கிண்டினாள்.

குடியேற்ற அலுவலர் யாஸ்மின் மூச்சுமானியோடு வந்தார். "எல்லாரும் இதுல ஊதணும்மா. நுரையீரல்ல எவ்வளவு தங்கியிருக்குன்னு காட்டும்."

"பூவிழி அக்காவுக்கு எவ்வளவு வந்துச்சு?" அதைத்தான் மகிழினி முதலில் கேட்டாள்.

"அவங்க வீட்ல யாருக்குமே அதிகமில்ல. விளக்கு சிவந்ததும் பிள்ளைங்களோட மொட்டை மாடிக் கொட்டகைக்குப் போயிட்டாங்களாமே."

நறுமுகை கன்னம் உப்ப ஊதினாள். எண் ஏறிக்கொண்டே போயிற்று. யாஸ்மின் கருவியைத் துடைத்து மறுபடி ஊதச் சொன்னார். அதே எண்.

"வீடு கிடைச்சிடும்மா. உங்க அக்கா வீட்டுக்கு நேர் மேல்மாடி," என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆனா முதல்ல பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

மகிழினி ஜன்னலுக்கு ஓடி ஒட்டுநாடாவைப் பிய்க்கத் தொடங்கினாள்.

சிறுமி கருவியை எட்டிப் பார்த்துக் கைதட்டினாள். "பெரியம்மா பசங்களைவிட எனக்குத்தான் அதிகமாம்மா?"