கூட வந்தவர்

மலைப்பாதையின் கடைசித் திருப்பத்தில் அந்தப் பழைய விடுதி கண்ணில் பட்டபோது, எக்ஸ்ரேக்காரருக்குக் கால்கள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. பிற்பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி வெளிச்சத்தை விழுங்கியிருந்தது.

பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரியின் ஜன்னலில்லாத அறையில், "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவர் அவர். "செக்குமாடுகூட உங்களைப் பார்த்தா பாவப்படும். நாலு நாள் எங்கேயாவது நடந்துட்டு வாங்க" என்று, இடுப்பில் பாப்பாவோடு நின்ற மனைவிதான் முதுகுப்பையை மாட்டி அனுப்பிவைத்தாள்.

அவள் சொன்னது வீண்போகவில்லை. பசித்தபோது சாப்பிட்டார். பாறை கண்ட இடத்தில் படுத்தார். ஓடையில் காலை விட்டுக்கொண்டு காரணமே இல்லாமல் சிரித்தார். வேண்டியதெல்லாம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டதே என்று நினைக்கும்போது அலாதியான சுகம்.

மூன்றாம் நாளான இன்று காலையிலிருந்துதான், பின்னால் இன்னொரு காலடி கேட்டது. அவர் நின்றால் அதுவும் நின்றது. களைப்பில் காது ஏமாற்றுகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு நடந்தார்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இரண்டு துண்டுகளை நீட்டினாள்.

"ஒண்ணு போதும்மா. நான் தனியாத்தான் வந்தேன்."

அவள் முகம் மாறியது. "அப்போ, உங்க கூட வந்து இப்போ உள்ளே போனாரே, அவரு?"

அறையில் யாருமில்லை. ஈரமண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை மட்டும் இருந்தது. இரண்டு கட்டில்கள். அவற்றில் ஒன்றின் விரிப்பு, யாரோ உட்கார்ந்ததுபோல மெல்ல அமுங்கியது.

அலறிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே! கதவைத் திறந்தே போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றி, மற்றக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கட்டில் கிறீச்சிட்டது.

சில்லென்ற விரல்கள் அவருடைய கெண்டைக்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தன. இதமாக, அவசரமில்லாமல்.

அந்த இதம்தான் குலைநடுங்க வைத்தது.

காதருகே ஒரு கிசுகிசுப்பு. "ரொம்பக் களைச்சுட்டீங்க. நீங்க தூங்குங்க. மிச்சத்தை நான் நடக்கிறேன்."

"சரி" என்று சொன்னது தன் வாய்தானா என்று யோசிப்பதற்குள் தூக்கம் அவரை இழுத்துக்கொண்டது.

விழித்தபோது சுள்ளென்ற வெயில். பையும் இல்லை, ஷூவும் இல்லை. வெறுங்காலோடு வெளியே வந்தவரைப் பார்த்ததும் அம்மாளின் கையிலிருந்த வாளி நழுவி விழுந்தது.

"நீங்க வந்த மறுநாளே, நேத்துக் காலையிலேயே கிளம்பிட்டீங்களே! என்கிட்ட சொல்லிக்கிட்டுத்தானே போனீங்க?"

விடுதித் தொலைபேசியில் வீட்டு எண்ணை அழுத்தினார்.

"நான்தான் பேசறேன்" என்றார்.

மறுமுனையில் எடுத்தது மனைவிதான்.

"யாருங்க இது? அவரை மாதிரியே பேசி விளையாடாதீங்க." குரலைத் தாழ்த்தினாள். "அவரு நேத்து சாயங்காலமே வந்துட்டாரு. அசந்து தூங்கறாரு."

"அது நான் இல்லம்மா! பாப்பாவைத் தூக்கிக்கிட்டு உடனே வெளியே..."

கதவு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு, அவருடைய குரலே. நன்றாகத் தூங்கி எழுந்த, களைப்பே இல்லாத குரல்.

"போன்ல யாரு?"