சீனி என்று தேடினால் இல்லை

புதன்கிழமை காலை 9.10.

கயத்தாறு பலசரக்குக் கடை நல்லக்கண்ணு போனில் கத்தினார். "அண்ணாச்சி, கோயில் பொங்கலுக்குச் சர்க்கரை அஞ்சு கிலோ கேட்டேன். நீங்க சீனிய அனுப்பியிருக்கீய! வெள்ளைவெளேர்னா பொங்கல் வைக்கச் சொல்லுதீய?"

கோவில்பட்டியில் மொத்தக் கடை வைத்திருக்கும் பூவனநாதனுக்குக் காரணம் புரியவில்லை. இந்தப் பக்கம் சீனி என்றால் வெள்ளை, சர்க்கரை என்றால் பழுப்பு. கைப்பிள்ளைகூடக் குழம்பாது. ஊர்க் கடைக்காரர்கள் ஆர்டர் போடும் கடைச் செயலியில் வந்தது, சர்க்கரை. மூட்டையில் கட்டிய சீட்டிலும் சர்க்கரை. மூட்டை கட்டுபவர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, சீட்டில் இருக்கும் பொருள் எண்ணைத்தான் பார்ப்பார்கள். எண் 17. அந்த மூட்டையில் இருந்தது சீனி.

அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல், திங்கட்கிழமை காலை வரை நாளைக்கு இருநூறு ஆர்டர் வந்த செயலியில் செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்றுதான் வந்தது. நாகலாபுரத்திலும் குளத்தூரிலும் 'அண்ணாச்சி கடையில சரக்கு இல்லையாம்' என்று பேச்சு.

செயலியை வளர்ப்பதற்கென்று மூன்று மாதம் முன்பு சென்னையிலிருந்து வந்த காசிராஜன், செயலியின் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். திங்கள் மதியம் 1.42-க்குச் செயலியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கணக்குப் பெயர், முத்துச்செல்வி. செயலியைக் கட்டிய குளத்தூர்ப் பெண் அவள்தான். போன வாரம் காசிராஜனோடு வாக்குவாதம் செய்தவளும் அவள்தான்.

பூவனநாதன் யோசிக்கவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

காலை 11.30.

தலைமைக் காவலர் சுடலைச்செல்வி கடைக்குள் வந்தார். முத்துச்செல்வியின் கண் வீங்கியிருந்தது. வழக்குப் பதிந்தால் இருபத்துநாலு வயதில் அவளுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது.

"திங்கக்கிழமை 1.42-க்கு எங்கன இருந்தே?"

"பின்கட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் மேடம். வேலுத்தாய் அக்காவும் இருந்தாவ."

"கம்ப்யூட்டரப் பூட்டிட்டுப் போனியா?"

"இல்ல. அது என் தப்புதான்."

காசிராஜன் குறுக்கிட்டார். "அந்த அம்மா சாட்சி செல்லாது மேடம். செயலி வந்ததுல அவங்க போன் வேலை போச்சு. அவங்களுக்கும் கோபம் இருக்கு."

முன்பு போனில் ஆர்டர் எழுதிய வேலுத்தாய் முந்தானையை உதறினாள். "கோவம் இருக்கு சார், இல்லைங்கல. அதுக்கு அதத் தெறக்கவாவது தெரியணும்லா? ஏட்டி முத்துச்செல்வி, எனக்கு அதத் தெறக்கத் தெரியுமாட்டி?"

அழுகையினூடே முத்துச்செல்வி சிரித்துவிட்டாள்.

டீக்காரர் வந்தார். "எனக்குச் சீனி தூக்கலா" என்றாள் வேலுத்தாய். "சர்க்கரை கம்மியா" என்றார் காசிராஜன். முத்துச்செல்வி வேண்டாம் என்றாள். சுடலைச்செல்வி டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் பதிவேட்டைப் படித்தார்.

"அறுபத்துமூணு பொருளோட பேர் மாறியிருக்கு. எல்லாம் ஒரே நொடியில. அது எப்படிம்மா?"

"கையால மாத்தினா ஒரு மணி நேரம் ஆகும் மேடம். முன்னாலயே ஒரு பட்டியல் தயார் பண்ணி மொத்தமா ஏத்தியிருக்காங்க."

"பேர் மாறினா ஆர்டர் ஏன் நிக்குது?"

முத்துச்செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "தேடுற பெட்டிக்குப் பொருள் தெரியாது மேடம், எழுத்துதான் தெரியும். சீனின்னு அடிச்சா, சீனிங்கிற எழுத்து எந்தப் பேர்ல இருக்குன்னு பாக்கும். இல்லைன்னா 'பொருள் இல்லை'ன்னு சொல்லிரும். அதனாலதான் ரெண்டு மாசம் வேலுத்தாய் அக்கா பக்கத்துல உக்காந்து, கடைக்காரவிய போன்ல எப்படிக் கேக்காவளோ அப்படியே பேர் வச்சேன்."

சுடலைச்செல்வி மாறிய பெயர்களைச் சத்தமாகப் படித்தார். "எண் 17. சீனி இருந்த இடத்துல சர்க்கரை. எண் 18. சர்க்கரை இருந்த இடத்துல நாட்டுச் சர்க்கரை. கடலை, வேர்க்கடலை ஆயிருக்கு. வத்தல், காய்ந்த மிளகாய்."

"காஞ்ச மிளகாயா? செடியிலயே காஞ்சு போச்சா?" என்றாள் வேலுத்தாய்.

நல்லக்கண்ணுவின் பொங்கலுக்கு வெள்ளைச் சீனி போன மர்மம் அங்கே உடைந்தது. சுடலைச்செல்வி எழுந்தார்.

"அண்ணாச்சி, கணக்கு யாரோடதுன்னு மட்டும் பாத்தீய. வார்த்தை யாரோடதுன்னு பாக்கல. குளத்தூர்ப் பொண்ணு வெள்ளைச் சீனிக்குச் சர்க்கரைன்னு பேர் எழுதுமா? சாகுற வரைக்கும் எழுதாது. இந்தக் கடையில சீனியச் சர்க்கரைன்னு சொல்லுற ஆள் ஒருத்தர்தான். டீக்காரருக்கே தெரியும். காசிராஜன், உங்க மடிக்கணினியத் தெறங்க."

காசிராஜன் மடிக்கணினியைத் திறந்தார். பட்டியல் அதில் இருந்தது. அறுபத்துமூன்று பெயர்கள். சேமித்தது ஞாயிற்றுக்கிழமை மாலை.

"சென்னையில பெரிய ஆட்களுக்குக் காட்ட வேண்டிய செயலி. இந்தப் பட்டிக்காட்டுப் பேச்சப் பாத்தா சிரிப்பாங்க. இந்தப் பொண்ணு மாத்த மாட்டேன்னுச்சு. அதான் நானே... கெடுக்கணும்னு செய்யல மேடம்."

"சரி, கெடுக்கணும்னு செய்யல. ஆனா செவ்வாக்கிழமை ஆர்டர் விழுந்ததும் காரணம் உமக்குத் தெரியும்லா? வாயத் தெறந்தீரா? அவ சாப்பிடப் போன நேரம் பாத்து அவ கணக்குல புகுந்து நீரு செஞ்ச வேலைக்கு அவ பேர ஸ்டேஷன்ல எழுத வச்சீரு. எங்க பேச்சு உமக்குச் சிரிப்பா இருக்கு. அந்தப் பேச்சுலதான்யா இந்தக் கடைக்கு ஆர்டரே வந்துச்சு!"

பிறகு பூவனநாதன் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான் அண்ணாச்சி. மூணு மாசத்து ஆள நம்பினீய. செயலியக் கட்டின பிள்ளைகிட்ட ஒரு கேள்வி கேக்கல."

பூவனநாதன் தலையைத் தொங்கப்போட்டார். "தப்புதாம்மா. என்னை மன்னிச்சிரு" என்றார் முத்துச்செல்வியிடம். புகாரைத் திரும்பப் பெற்று, காசிராஜன் பெயரில் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாலை 4.20.

முத்துச்செல்வி வேலையை முடித்தாள். பழைய பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. இனி ஒரு பொருளுக்கு ஒரு பெயர் மட்டும் இல்லை. யார் என்ன பெயரில் கேட்டாலும் அந்தப் பெயர்கள் அத்தனையும் பொருளின் கீழே பதிவாகியிருக்கும், தேடும் பெட்டி எல்லாவற்றிலும் பார்க்கும். சர்க்கரை என்று அடித்தால் பழுப்பும் வெள்ளையும் படத்தோடு வரும், கடைக்காரர் தொட்டு எடுத்துக்கொள்வார். பெயரை மாற்ற விரும்புகிறவர் சொந்தக் கணக்கில் எழுதி அனுப்ப வேண்டும். அதை வேலுத்தாய் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மாறும்.